அண்ணத்தில் எக்ஸ்பாண்டர்: குழந்தையைத் தயார்படுத்துவது முதல் கழற்றும் நாள் வரை

என் மகளுக்கு 9 வயதில் மேல் அண்ணத்தில், குறுகலான மேல் தாடையை அகலப்படுத்தும் எக்ஸ்பாண்டர் என்ற கருவியைப் பொருத்தினார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு, கடைவாய்ப் பற்களுக்கு நடுவே சின்ன ரப்பர் வளையங்கள் வைக்க அழைத்துப் போனபோது, "ஒண்ணும் வலிக்காது" என்று சொல்லிவிட்டேன். அன்று இரவு அவளால் எதையும் மெல்ல முடியவில்லை. "வலிக்காதுன்னு சொன்னியேம்மா" என்றாள். அழவில்லை, கத்தவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அடுத்த சில நாட்கள் நான் சொன்ன எதையும் அவள் நம்பவில்லை. அடுத்த வாரம் அவள் வாயைத் திறந்து, எக்ஸ்பாண்டரின் திருகைத் திருப்பும் சாவியோடு என் கையை உள்ளே அனுமதிக்க வேண்டியிருந்த நேரத்தில்தான் இப்படி ஆனது.

அதனால், கீழே எழுதியிருக்கும் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது. குழந்தைக்கு முன்கூட்டியே சொல்லாத எதுவும் அதன் வாயில் நடக்கக் கூடாது. எச்சில் ஊறுவது, பேச்சு குழறுவது, மூக்கின் மேல் அழுத்தம் தெரிவது, முன்பல் விலகுவது எல்லாமே வரும். எதிர்பார்த்து வந்தால் பிள்ளைகள் தாங்கிக்கொள்கிறார்கள். திடீரென்று வந்தால் பயந்துபோகிறார்கள்.

முதலில் இது என்ன செய்கிறது என்று நீங்கள் புரிந்துகொள்ளுங்கள்

மேல் தாடை ஒரே எலும்பு இல்லை. வலம், இடம் என்று இரண்டு பாதிகள் அண்ணத்தின் நடுக்கோட்டில் ஒரு தையல் போலச் சேர்ந்திருக்கின்றன. சிறு வயதில் அந்தத் தையல் இளக்கமாக இருக்கும். பருவம் எய்தும் வயதை ஒட்டி அது இறுக ஆரம்பிக்கும். எக்ஸ்பாண்டர் என்பது அண்ணத்தின் குறுக்கே உட்காரும் ஒரு திருகு. அதிலிருந்து கிளம்பும் கம்பிகள் இரண்டு பக்கமும் கடைவாய்ப் பற்களில் ஒட்டிய உலோக வளையங்களோடு சேர்ந்திருக்கும். அந்த வளையங்களை பேண்ட் என்பார்கள். திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பத் திருப்ப இரண்டு பாதிகளும் விலகும். விலகிய இடத்தில் பிறகு புது எலும்பு வளரும். தையல் இறுகிய பிறகு இதையே செய்வது கடினம். மருத்துவர் "இப்போதே செய்துவிடலாம்" என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

எதற்காகச் செய்கிறார்கள்? மேல் பல்வரிசை கீழ் வரிசையை ஒரு டப்பாவின் மூடி போல வெளியிலிருந்து மூட வேண்டும். மேல் தாடை குறுகலாக இருந்தால் மூடி சின்னதாகிவிடும். கடைவாய்ப் பற்கள் உள்பக்கமாகக் கடிக்கும், சில பிள்ளைகள் தாடையை ஒரு பக்கம் நகர்த்திக் கடிக்கப் பழகிவிடுவார்கள். இன்னும் முளைக்க வேண்டிய பற்களுக்கு இடம் இல்லாததாலும் சிலருக்கு இதைப் போடுகிறார்கள்.

இது புதிய வைத்தியமும் இல்லை. 1860-இல் எமர்சன் ஏஞ்செல் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் அண்ணத்தின் குறுக்கே ஒரு திருகை வைத்து, சாவியை அவள் கையிலேயே கொடுத்து அனுப்பினார். இரண்டு வாரத்தில் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி தெரிந்தது. எலும்பு விலகியிருக்கும் என்று அவருடைய காலத்து மருத்துவர்கள் பலர் நம்பவில்லை. இதை என் மகளிடம் சொன்னபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "அந்த அக்கா தானே திருப்பிக்கிட்டாளா?" என்பதுதான். அந்தக் கேள்வி பின்னால் எனக்கு உதவியது.

பொருத்துவதற்கு முந்தைய வாரம்

ரப்பர் வளையங்களை (செப்பரேட்டர் என்பார்கள்) முதலில் வைப்பது, பேண்ட் நுழைவதற்கு இடம் உண்டாக்க. பற்களுக்கு நடுவே ஏதோ பெரிதாகச் சிக்கிக்கொண்டது போல இருக்கும். வைத்த அன்று மாலையிலிருந்து ஓரிரு நாள் கடித்தால் வலிக்கும், பிறகு குறையும். அந்த இடத்தில் ஃப்ளாஸ் (பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூல்) போடக் கூடாது, மிட்டாய் போல ஒட்டும் பொருள் எதுவும் கூடாது. வளையம் தானாக விழுந்துவிட்டால் மருத்துவமனைக்குப் போன் செய்து சொல்லுங்கள். திரும்ப வைக்கச் சொல்லலாம், இடம் போதும் என்றும் சொல்லலாம். தெரியாமல் விழுங்கிவிட்டாலும் பயப்பட ஒன்றும் இல்லை, வெளியே வந்துவிடும். சில இடங்களில் இந்த வளையம் இல்லாமலேயே செய்கிறார்கள். உங்களுக்கு எப்படி என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அளவு எடுக்கும் முறையையும் கேளுங்கள். கேமரா போன்ற ஸ்கேனர் என்றால் குழந்தைக்கு எளிது. மாவு போன்ற பொருளைத் தட்டில் வைத்து வாயில் அழுத்துவார்கள் என்றால் குமட்டல் வரலாம். அதற்கு வீட்டிலேயே ஒரு பயிற்சி செய்யலாம். தலையைச் சற்று முன்னால் குனிந்து, மூக்கால் மட்டும் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டு, கால் விரல்களை ஒவ்வொன்றாக அசைக்கச் சொல்லுங்கள். கவனம் தொண்டையை விட்டுக் காலுக்குப் போகும். வெறும் விளையாட்டாக இரண்டு முறை செய்து பார்த்திருந்தாலே அந்த ஒரு நிமிடத்தைப் பிள்ளைகள் கடந்துவிடுவார்கள்.

இனி, சொல்வது பற்றி. "வலிக்காது" என்று சொல்லாதீர்கள். "ரொம்ப வலிக்கும்" என்றும் வேண்டாம். என்ன தெரியும், எங்கே தெரியும், எவ்வளவு நேரம் இருக்கும் என்ற மூன்றையும் சொல்லுங்கள். நான் பிறகு கற்றுக்கொண்டு சொன்னது இப்படி: "ஒட்டும்போது ஊசி கிடையாது. பல்லை அழுத்துற மாதிரி இருக்கும். பசை ருசி நல்லா இருக்காது. வீட்டுக்கு வந்ததும் வாய் நிறைய எச்சில் ஊறும், பேச்சு குழறும். ரெண்டு மூணு நாள் கஷ்டமா இருக்கும், அப்புறம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா சரியாகும்." முடிந்தால் மருத்துவரிடம் ஒரு மாதிரி எக்ஸ்பாண்டரைக் கேட்டு வாங்கி, குழந்தையின் கையில் கொடுங்கள். அதுவே சாவியைப் போட்டு ஒருமுறை திருப்பிப் பார்க்கட்டும். இது வாயில் ஒட்டிய பிறகு பயப்பட வேண்டிய பொருளா, ஏற்கெனவே கையில் தொட்டுப் பார்த்த பொருளா என்பதில் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

பொருத்தும் நாள்

நன்றாகச் சாப்பிட வைத்து அழைத்துப் போங்கள். அன்று மாலை சாப்பாடு சரியாக இறங்காது. கிளம்புமுன் பல் துலக்க வேண்டும். பசை நன்றாகப் பிடிக்கப் பல் உலர்ந்திருக்க வேண்டும் என்பதால் கன்னத்தை விலக்கிப் பிடித்துக் காற்று அடிப்பார்கள், சில பசைகளுக்கு நீல வெளிச்சம் காட்டுவார்கள். கொஞ்ச நேரம் பேச முடியாது. எனவே ஒரு கை ஜாடையைக் குழந்தையோடும் மருத்துவரோடும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். இடது கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும் என்று முடிவானால், அது உண்மையிலேயே நிறுத்தப்பட வேண்டும்.

நாற்காலியை விட்டு எழுவதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. முதல் திருப்பை மருத்துவர் செய்து காட்டட்டும். அடுத்ததை அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள் செய்ய முடியுமா என்று கேளுங்கள். அன்று அதிகமாகத் திருப்பக் கூடாது என்றால், கையில் இருக்கும் மாதிரியிலாவது செய்து காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை, மொத்தம் எத்தனை முறை, அடுத்து எப்போது வர வேண்டும், இரவில் ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற நான்கையும் எழுதி வாங்குங்கள். இன்னொரு சாவியும் கேளுங்கள்.

முதல் மூன்று நாட்கள்

வாய்க்குள் எது புதிதாக வந்தாலும் அதை உணவு என்றுதான் வாய் நினைக்கும். அதனால் எச்சில் பெருகும். அதோடு, நாம் விழுங்கும் ஒவ்வொரு முறையும் நாக்கு மேலே எழுந்து அண்ணத்தை அழுத்தும். இப்போது அந்த இடத்தில் உலோகம் இருக்கிறது. நாக்கு வேறு வழி கண்டுபிடிக்க வேண்டும். குழந்தை "விழுங்க முடியல" என்று அழுவது அடம் இல்லை. அது ஒரு நாளில் எண்ணற்ற முறை யோசிக்காமல் செய்துவந்த வேலை, திடீரென்று யோசித்துச் செய்ய வேண்டியதாகிவிட்டது.

குளிர்ந்த நீரை ஒரு தம்ளரில் வைத்து, ஒரு மடக்கு குடிப்பது, உதட்டை மூடி விழுங்குவது, கொஞ்சம் ஓய்வு என்று ஐந்தாறு முறை செய்யட்டும். மணிக்கு ஒரு முறை போதும். எச்சிலைத் துப்பிக்கொண்டே இருக்க விடாதீர்கள். துப்பத் துப்ப விழுங்கப் பழகுவது தள்ளிப்போகும். இரவில் தலையணை நனையும், ஒரு துண்டு விரித்து வையுங்கள். அதையும் முந்தைய மாலையே சொல்லிவிடுங்கள். காலையில் ஈரத் தலையணையைப் பார்த்து வெட்கப்படும் வயதுதான் இது.

சாப்பாடு கொஞ்சம் பொறுமை கேட்கும். குழைய வெந்ததும் மசித்ததும் முதலில் எளிது. ஆனால் மிருதுவானது எல்லாம் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். ரொட்டி போல மாவாக ஒட்டுவது திருகுக்கும் அண்ணத்துக்கும் நடுவே போய் அப்பிக்கொள்ளும். குழந்தை விரலைவிட்டு எடுக்கப் பார்க்கும், அதிலேயே குமட்டும். நாரான கீரையும் நீளமாக இழுபடும் சீஸும் கம்பியில் சுற்றிக்கொள்ளும். நகம் அளவுக்குச் சின்ன வாயாக எடுத்து, நாக்கின் மேல் வைக்காமல் கடைவாய்ப் பக்கம் வைத்து மெல்லச் சொல்லுங்கள். ஒவ்வொரு சில வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர். முதல் இரண்டு நாள் சாப்பிட நேரம் இரட்டிப்பாகும். அவசரப்படுத்தாதீர்கள். அந்த நாட்களில் எடை, சத்து என்றெல்லாம் கணக்குப் பார்க்க வேண்டாம், வயிறு நிறைந்தால் போதும்.

எக்ஸ்பாண்டர் வாயில் இருக்கும் வரை அறவே வேண்டாதவை என்று ஒரு பட்டியல் உண்டு: சூயிங்கம், டாஃபி, கடிக்கும் கடினமான கொட்டைகள், பாப்கார்ன், ஐஸ் கட்டியைக் கடிப்பது. பென்சிலைக் கடிக்கும் பழக்கத்தையும் அந்தப் பட்டியலில் சேருங்கள். பழத்தையும் காரட்டையும் நறுக்கிக் கொடுத்தால் சாப்பிடலாம்.

கன்னமோ நாக்கோ உரசிப் புண்ணானால் வெதுவெதுப்பான ஒரு தம்ளர் நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு போட்டுக் கொப்பளிக்கட்டும். மருத்துவமனையில் கொடுக்கும் மெழுகை உரசும் இடத்தில் ஒட்டலாம். உலோகத்தை டிஷ்யூவால் துடைத்து உலர்த்திவிட்டு ஒட்ட வேண்டும், ஈரத்தில் நிற்காது. நாக்கின் மேல் கம்பியின் தடம் பதிந்திருப்பதைப் பார்த்தால் பதற வேண்டாம், சாதாரணமாக வருவதுதான்.

வலிக்குப் பாராசிட்டமால் போதுமானது. குழந்தையின் எடைக்கு எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது. அரிதாக, கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ஆபத்தான நோயை அது தூண்டலாம்.

பேச்சு

இது தமிழ் பேசும் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடுதல் சிரமம். ட, ண, ள, ழ எல்லாம் நாக்கு மேலே வளைந்து அண்ணத்துக்குப் போகும் எழுத்துகள். ச, ஞ இரண்டும் அண்ணத்தோடு நடுநாக்கு பொருந்திப் பிறப்பவை. அந்த அண்ணத்தில்தான் இப்போது கம்பியும் திருகும் இருக்கின்றன. ப, ம போன்ற உதட்டு எழுத்துகளில் எந்தச் சிரமமும் இருக்காது. இதை அப்படியே குழந்தையிடம் விளக்குங்கள். "உனக்குப் பேச வரல" என்பதற்கும் "இந்த அஞ்சாறு எழுத்துக்கு நாக்கு புது இடம் தேடுது" என்பதற்கும் வித்தியாசம் குழந்தைக்குப் புரியும்.

தினமும் பத்து நிமிடம் சத்தமாக வாசிக்க வையுங்கள். கதைப் புத்தகம், பாடப் புத்தகம், எதுவும் சரி. முதலில் மெதுவாக, பிறகு இயல்பான வேகத்தில். பாட்டுப் பாடுவதும் நல்ல பயிற்சி. வாசிக்கும்போது ஒவ்வொரு சொல்லையும் திருத்தாதீர்கள், நாக்கு தானே சரிசெய்துகொள்ளும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஓரிரு வாரத்தில் பேச்சு தெளிந்துவிடும். வீட்டில் யாரும் அந்தக் குழறலைப் பேசிக் காட்ட வேண்டாம் என்று முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், தாத்தா பாட்டி உட்பட. பாசத்தில் செய்வதுதான், ஆனாலும் அந்த வாரத்தில் பிள்ளை பேசுவதையே நிறுத்திவிடும்.

வகுப்பு ஆசிரியருக்கும் ஒரு சின்னக் குறிப்பு எழுதுங்கள். இரண்டு வாரத்துக்கு எழுந்து வாசிக்கக் கட்டாயப்படுத்த வேண்டாம், சாப்பிட்டபின் வாய் கொப்பளிக்க அனுமதி வேண்டும், அவ்வளவுதான். பையில் ஒரு சிறு டப்பா: மெழுகு, டூத் பிரஷ், சின்னக் கண்ணாடி, டிஷ்யூ. மோதி விளையாடும் விளையாட்டுகள் இருந்தால் பல் காப்பு உறை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பொருத்தும் நாளை வெள்ளிக்கிழமையாக வைத்துக்கொண்டால் முதல் இரண்டு நாள் வீட்டிலேயே கழியும்.

சாவி திருப்புவது

பெற்றோர்கள் அதிகம் பயப்படுவது இங்கேதான். நானும் பயந்தேன். குழந்தையின் அண்ணத்தில் நம் கையாலேயே ஒரு திருகைத் திருப்புவது முதல் நாள் மனதுக்கு ஒப்பாது. ஆனால் வேலை அரை நிமிடம்தான். பயம் நம் கையில் தெரிந்தால் குழந்தைக்கும் வந்துவிடும் என்பதால், முறையை மனப்பாடமாகத் தெரிந்துகொண்டு உட்காருங்கள்.

நேரத்தை நிலையாக வையுங்கள். இரவு சாப்பிட்டுப் பல் துலக்கிய பிறகு, தூங்கப் போகுமுன் நல்லது. பிறகு வரும் அழுத்தம் தூக்கத்தில் கழிந்துவிடும். குழந்தையைக் கட்டிலில் படுக்க வைத்து, தலையைச் சற்றுப் பின்னால் சாயுங்கள். நல்ல வெளிச்சம் வேண்டும், நெற்றியில் கட்டும் டார்ச் இருந்தால் இரண்டு கையும் உங்களுக்குக் கிடைக்கும். சாவியில் ஒரு நீளமான ஃப்ளாஸ் நூலைக் கட்டி உங்கள் மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளுங்கள். இதை ஒரு நாளும் விடாதீர்கள். படுத்திருக்கும் பிள்ளையின் வாயில் சாவி நழுவினால் அது தொண்டைக்குப் போகும்.

திருகின் நடுவே ஒரு சின்னத் துளை தெரியும். சாவியின் முனையை அதில் முழுவதும் இறக்குங்கள். பிறகு தொண்டைப் பக்கமாக, ஒரே சீரான தள்ளலாக, சாவி நிற்கும் வரை தள்ளுங்கள். முன்பக்கத்தில் அடுத்த துளை முழுதாகத் தெரிய வேண்டும். பாதிதான் தெரிந்தால் திருப்பு முடியவில்லை, நாளைக்குச் சாவி நுழையாது. முடிந்ததும் சாவியை முன்னால் இழுக்காதீர்கள். இழுத்தால் திருகு திரும்ப வந்துவிடும். நாக்குப் பக்கமாகக் கீழே இறக்கி வெளியே எடுங்கள். எல்லாக் குளறுபடியும் இந்தக் கடைசி அசைவில்தான் நடக்கிறது. சில வகைத் திருகுகளுக்கு முறை கொஞ்சம் மாறும், அங்கே மருத்துவர் காட்டியபடியே செய்யுங்கள்.

பெரும்பாலான திருகுகளில் ஒரு திருப்பு என்பது கால் சுற்று, அதாவது சுமார் 0.25 மி.மீ. நான்கு திருப்பு சேர்ந்தால் 1 மி.மீ. நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு என்று சில வாரங்கள் சொல்வார்கள். மெதுவான முறையில் ஒன்றுவிட்டு ஒரு நாளோ, வாரம் ஒன்றோ கூட இருக்கும். எண்ணிக்கை மருத்துவர் சொன்னதுதான். ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் சேர்த்துத் திருப்பி ஈடுகட்டாதீர்கள். மறந்ததைக் குறித்து வைத்து, போன் செய்து கேளுங்கள். சுவரில் ஒரு தாளை ஒட்டி, திருப்பியதும் அந்தக் கட்டத்தில் குழந்தையே ஒரு நட்சத்திரம் வரையட்டும். "இன்னிக்குத் திருப்பினோமா இல்லையா?" என்ற குழப்பம் ஒரு நாள் கட்டாயம் வரும். அப்போது தாள்தான் சாட்சி.

குழந்தைக்கு என்ன தெரியும்? முதலில் பற்களில் அழுத்தம். பிறகு மூக்கின் மேலோ, கண்களுக்கு நடுவிலோ ஒரு கூச்சம் அல்லது இறுக்கம். சில பிள்ளைகளுக்குத் தும்மல் வரும். வழக்கமாகச் சில நிமிடங்களில் அடங்கிவிடும். மேல் தாடை எலும்பு மூக்கு வரைக்கும் போகிறது, அதனால்தான் அங்கே தெரிகிறது என்று சொல்லிவிடுங்கள். அண்ணத்தில் திருப்பியதற்கு மூக்கில் ஏன் தெரிகிறது என்று புரியாத பிள்ளைதான் பயப்படும். முதல் சில நாள் ரொம்ப இறுக்கமாக இருந்தால், திருப்புவதற்கு அரை மணி முன்பு பாராசிட்டமால் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிவுகளில் சிலவற்றைக் குழந்தையிடம் விடுங்கள். திருப்புவதா வேண்டாமா என்பது அதன் முடிவு இல்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அம்மா திருப்புவதா அப்பா திருப்புவதா, எண்ணிக்கொண்டா பாடிக்கொண்டா, எந்தப் போர்வையில் படுப்பது என்பதெல்லாம் அதன் கையில். என் மகள் அந்த 1860-ஆம் வருடத்து அக்காவை மறக்கவில்லை. இரண்டாம் வாரம் கண்ணாடி முன்னால் நின்று, என் கைமேல் அவள் கையை வைத்துச் சேர்ந்தே தள்ளினாள். அதன் பிறகு ஒரு இரவும் நான் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. எண்ணுவதாகச் சொல்லிவிட்டு "ரெண்டு" என்னும்போதே தள்ளுவது மட்டும் வேண்டாம். மூன்று என்று சொன்னால் மூன்றில்தான்.

சாவி நுழையவில்லை, அல்லது தள்ளினால் நகரவில்லை என்றால் பலம் கொடுக்காதீர்கள். முந்தைய திருப்பு முழுமையாகாமல் இருக்கலாம். ஒரு முறை நல்ல வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, முடியாவிட்டால் மறுநாள் மருத்துவரிடம் போய்விடுங்கள். ஒரு நாள் தாமதத்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

முன்பல்லில் இடைவெளி

ஓரிரு வாரத்தில் இரண்டு மேல் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழலாம். பார்க்கும்போது திக்கென்று இருக்கும், நாளுக்கு நாள் பெரிதாகவும் ஆகும். எக்ஸ்பாண்டர் வேலை செய்கிறது, எலும்பு விலகுகிறது என்பதற்கான அடையாளம் அது. திருப்புவதை நிறுத்திய பிறகு, ஈறுக்குள் இருக்கும் இழுவைத் தன்மையுள்ள இழைகள் பற்களை மெல்ல மீண்டும் நெருங்க வைக்கும். சில மாதங்களில் பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். ரப்பர் போட்டோ, நூல் கட்டியோ நீங்களே மூட முயலக் கூடாது. ரப்பர் ஈறுக்குள் ஏறிப் பல்லின் வேரையே கெடுத்துவிடும்.

இடைவெளி வரவில்லை என்றாலும் தோல்வி என்று அர்த்தம் இல்லை, மெதுவான முறையில் தெரியாமலேயே போகலாம். அடுத்த முறை போகும்போது சொல்லுங்கள். எங்களுக்கு இந்த இடைவெளி பற்றி அந்த மருத்துவமனையில் யாரும் முன்பே சொல்லவில்லை. பள்ளியில் ஒரு பையன் கேட்டபோதுதான் என் மகளுக்கே தெரிந்தது. அன்று மாலை அவளுக்கு விளக்கம் சொன்னேன். காலையிலேயே சொல்லியிருந்தால் அவளே அவனுக்கு விளக்கியிருப்பாள்.

சுத்தம்

ஃப்ளூரைடு பேஸ்ட்டால் இரண்டு வேளை துலக்குவது அடிப்படை. பேண்ட் ஈறைத் தொடும் விளிம்பில் பிரஷைச் சாய்த்துப் பிடித்துத் துலக்க வேண்டும், அங்கே அழுக்கு தங்கினால் பல்லில் வெள்ளைத் திட்டு விழும், அது எளிதில் போகாது. பிறகு திருகின் மேல்பக்கம். அதற்கு பிரஷ் போதாது. ஊசி இல்லாத சிரிஞ்சில் வெதுவெதுப்பான நீரை நிரப்பி, குழந்தை வாஷ்பேசின் மேல் குனிந்திருக்க, திருகுக்கும் அண்ணத்துக்கும் நடுவே பீய்ச்சுங்கள். பல் இடுக்கில் தண்ணீரைப் பீய்ச்சும் வாட்டர் ஃப்ளாஸர் இருந்தால் குறைந்த வேகத்தில் வைத்துக்கொள்ளலாம். என்னென்ன வெளியே விழுகிறது என்று பார்ப்பதில் பிள்ளைகளுக்கு ஒரு உற்சாகம் வந்துவிடும், அதை அப்படியே பயன்படுத்திக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை டார்ச் அடித்து அண்ணத்தைப் பாருங்கள். சிவந்து வீங்கி, சதை கம்பியை மூட ஆரம்பித்திருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எப்போது கூப்பிட வேண்டும்

மெல்லும்போது டக் டக் என்று சத்தம், நாக்கால் தள்ளினால் ஒரு பக்கம் ஆடுவது, பேண்டுக்கு அடியிலிருந்து கெட்ட ருசி வருவது: பேண்ட் கழன்றிருக்கிறது. திருப்புவதை நிறுத்திவிட்டு அன்றே போன் செய்யுங்கள். ஆடும் எக்ஸ்பாண்டரைத் திருப்பினால் பற்களின் மேல் சுமை ஒழுங்கில்லாமல் விழும், பேண்டுக்கு அடியில் பல்லும் சொத்தையாகும். முழுதாகக் கையோடு வந்துவிட்டால் ஒரு டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள், வீட்டுப் பசையால் ஒட்டாதீர்கள்.

மருந்துக்கும் அடங்காத வலி, முகத்திலோ ஈறிலோ வீக்கம், காய்ச்சல், நிற்காத இரத்தம், இவற்றுக்கும் காத்திருக்க வேண்டாம். சாவியோ உடைந்த துண்டோ தொண்டைக்குப் போய் இருமலும் மூச்சுத் திணறலும் வந்தால் அது அவசர சிகிச்சைப் பிரிவுக்கான விஷயம். திணறல் இல்லாமல் விழுங்கிவிட்டதாகத் தோன்றினாலும் உடனே மருத்துவரிடம் சொல்லி, எக்ஸ்ரே வேண்டுமா என்று கேளுங்கள்.

திருப்புவது முடிந்த பிறகு

மருத்துவர் "போதும்" என்றதும் சாவியை எடுத்து வைத்துவிடலாம். ஆனால் எக்ஸ்பாண்டர் இன்னும் 3 முதல் 6 மாதமாவது, சிலருக்கு அதற்கு மேலும், அங்கேயே இருக்கும். விலகிய நடுக்கோட்டில் எலும்பு நிரம்பி உறுதியாகும் வரை அது முட்டுக் கொடுத்தபடி நிற்க வேண்டும். இதையும் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். இரவில் திருப்புவது நின்றதும் "எப்போ எடுப்பாங்க?" என்று கேள்வி வரும். நான் சொல்ல மறந்திருந்தேன், அன்று அவள் அழுதது முதல் வாரத்து அழுகையை விடப் பெரியது. இந்த மாதங்களில்தான் கவனமும் தளரும். வலி இல்லை, பேச்சு சரியாகிவிட்டது, ஒரு டாஃபி தின்றால் என்ன என்று தோன்றும். பேண்ட் கழல்வது இந்தக் கட்டத்திலும் நடக்கும்.

கழற்றும்போது ஒரு இடுக்கியால் பேண்டை ஒவ்வொன்றாக நெம்பி எடுப்பார்கள். ஒரு நொடி பலமான அழுத்தம், ஒரு பொட் சத்தம், பிறகு ஒட்டியிருக்கும் பசையைச் சுரண்டுவார்கள். அண்ணத்தில் திருகின் தடம் சிவப்பாகத் தெரியும், ஈறில் கொஞ்சம் இரத்தமும் கசியலாம், சில நாளில் ஆறிவிடும். ஓரிரு நாள் பேச்சு மறுபடியும் விசித்திரமாக இருக்கும், நாக்குக்கு இப்போது அண்ணம் ரொம்பப் பெரிதாகத் தெரியும். அடுத்து ரிடெய்னர் (பற்கள் நகர்ந்துவிடாமல் பிடித்து வைக்கும் கருவி) உண்டா, எவ்வளவு நேரம் போட வேண்டும், பல்லுக்குக் கம்பி எப்போது என்பதைக் கழற்றும் நாளுக்கு முன்பே கேட்டு வையுங்கள். ரிடெய்னர் உண்டு என்றால் அன்றைக்கே கையில் கிடைக்குமா என்றும் கேளுங்கள், இடையில் நாட்கள் போனால் பற்கள் உள்ளே நகர ஆரம்பித்துவிடும்.

அந்தப் பழைய எக்ஸ்பாண்டரைக் கழுவி ஒரு பையில் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். என் மகள் அவளுடையதை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறாள். நட்சத்திரம் வரைந்த அந்தத் தாளும் அதோடு மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.